ஃபைல் எங்கே போச்சு? கணினியில் ஃபைல்களைத் தேட, நகர்த்த, ஒழுங்காக வைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் ஃபைல்களோடு புழங்குகிற வேலை எனக்கு. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதில் பாதி, "இங்கேதான் வச்சேன், காணோம்" என்பதுதான். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாமே விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளுக்கு.

இப்பதான் சேவ் பண்ணினேன், அதற்குள் காணோம். அழிந்துவிட்டதா?

அநேகமாக அழிந்திருக்காது, வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எந்த மென்பொருளில் அந்த வேலையைச் செய்தீர்களோ அதையே மறுபடி திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் போய்ப் பாருங்கள். கடைசியாகத் திறந்தவை வரிசையாக இருக்கும். அதிலிருந்து திறந்துகொண்டு 'சேவ் ஆஸ்' கொடுத்தால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிரவுசரில் இறக்கியதாக இருந்தால் இன்னும் சுலபம்: கன்ட்ரோல் ஜே அழுத்தினால் இறக்கியவற்றின் பட்டியல் வரும், பக்கத்திலேயே ஃபோல்டர் படமும் இருக்கும், அதை அழுத்தினால் நேராக அந்த இடத்துக்கே கூட்டிப்போகும்.

நிஜமாகவே தொலைகிற இடங்கள் இரண்டு உண்டு. மெயிலில் வந்த இணைப்பை, எங்கும் சேவ் செய்யாமல், மெயில் மென்பொருளுக்குள் இருந்தபடியே திறந்து அதிலேயே திருத்துவது ஒன்று. ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை டபுள் கிளிக் செய்து திருத்துவது இன்னொன்று. இரண்டிலும் நீங்கள் திருத்துவது கணினி தற்காலிகமாக எடுத்துவைத்த ஒரு நகலைத்தான், அது எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படும். ஒரு அக்கா இப்படித்தான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்திய பயோடேட்டாவைப் பறிகொடுத்தார். அதனால் முதலில் ஒரு ஃபோல்டரில் இறக்குங்கள், ஜிப்பாக இருந்தால் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள், அப்புறம் திறங்கள்.

பெயர் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. எப்படித் தேடுவது?

விண்டோஸ் பொத்தானோடு ஈ அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். வலது பக்கம் மேலே தேடும் பெட்டி இருக்கும். ஆனால் அதில் எழுதுவதற்கு முன்னால் இடது பக்கத்தில் எந்த ஃபோல்டருக்குள் தேட வேண்டுமோ அதற்குள் போய்விடுங்கள், ஏனென்றால் அது நீங்கள் நிற்கிற ஃபோல்டரிலும் அதற்குள்ளே இருப்பவற்றிலும் மட்டும்தான் தேடும். 'திஸ் பிசி'யில் நின்றுகொண்டு தேடினால் எல்லா டிரைவையும் அலசும், நேரம் எடுக்கும்.

பெயரே ஞாபகம் இல்லையென்றால் வகையை வைத்துத் தேடலாம். நட்சத்திரக் குறி, ஒரு புள்ளி, அப்புறம் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், இடைவெளி இல்லாமல் எழுதினால் பிடிஎஃப் எல்லாம் வந்து நிற்கும். வந்ததை 'டேட் மாடிஃபைட்' தலைப்பில் ஒரு தட்டு தட்டித் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டால், போன வாரம் செய்தது மேலே வந்துவிடும். பெயரைவிட எப்போது செய்தோம் என்பதுதான் பலருக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் நான் தேதியைத்தான் முதலில் கேட்பேன்.

டி டிரைவில் தேடினால் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்பார்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் எல்லா இடத்துக்கும் அட்டவணை போட்டு வைப்பதில்லை. வழக்கமாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான். செட்டிங்ஸில் 'சர்ச்சிங் விண்டோஸ்' என்று தேடிப் போய், கிளாசிக் என்பதை என்ஹான்ஸ்ட் என்று மாற்றினால் முழுக் கணினிக்கும் அட்டவணை போடும், முதல் தடவை கொஞ்ச நேரம் பிடிக்கும். தினமும் தேடுகிற வேலை உங்களுடையதென்றால் 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவில் ஏற்கெனவே இருக்கிற பெயர்ப் பட்டியலை அது நேரடியாகப் படித்துக்கொள்வதால் நீங்கள் எழுத எழுதவே பெயர்கள் வந்து விழும். நான் அதில்லாமல் வேலை செய்வதில்லை.

தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடினால் பழைய ஃபைல் எதுவும் வரவில்லையே?

இது நம் ஊர்க் கணினிகளுக்கே உரிய சிக்கல், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலில் திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று பாமினியில் அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற 5 குறிகள். அந்த எழுத்துரு அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் யூனிகோடில், அதாவது இப்போது கணினியும் போனும் தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவு செய்யும் முறையில், 'அம்மா' என்று தேடினால் கணினியைப் பொறுத்தவரை அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை.

தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். ஆனாலும் அதற்கு முன்பு அடித்தவை மட்டுமல்ல, அதற்குப் பின் டி.டி.பி. கடைகளில் அடித்தவையும் பழைய எழுத்துருக்களில் நிறையக் கிடக்கின்றன. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன, முக்கியமான ஃபைல்களை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்றால், ஃபைலின் பெயரையாவது யூனிகோடுத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக வையுங்கள். உள்ளே தேட முடியாவிட்டாலும் வெளியே தேடலாம் இல்லையா.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் இப்படித்தான். பத்திரத்தை ஸ்கேன் செய்தால் கிடைப்பது ஒரு புகைப்படம். அதற்குள் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால் வராது, எண்ணைப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். 'கொ' என்பதில் வரும் ஒற்றைக் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதுபோலத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எப்போதும் ஒரே விசைப்பலகை முறையில் அடித்தால் இந்தத் தொல்லை வராது.

இழுத்துப் போட்டால் சில சமயம் நகர்கிறது, சில சமயம் நகல் எடுக்கிறது. ஏன்?

ஒரே டிரைவுக்குள் இழுத்தால் நகரும். ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு, உதாரணமாக டி டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு இழுத்தால் நகல் எடுக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் எங்கே போட்டாலும் நகரும், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் எங்கே போட்டாலும் நகல். இதெல்லாம் மனதில் நிற்காது என்றால் மவுஸின் வலது பொத்தானைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், விட்டவுடன் நகலா, நகர்த்தவா என்று கணினியே கேட்கும்.

ஒரே டிரைவுக்குள் 20 ஜிபி வீடியோகூட கண்ணிமைக்கும் நேரத்தில் நகர்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வீடியோ இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை, அது எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்ற குறிப்பு மட்டும்தான் மாறுகிறது. வேறு டிரைவுக்கு என்றால் ஒவ்வொரு துண்டையும் படித்து அங்கே எழுதியாக வேண்டும். பென் டிரைவ் விநாடிக்கு 10 எம்பி எழுதினால் 4 ஜிபிக்கு ஏறக்குறைய 7 நிமிடம்.

அதனால்தான் பென் டிரைவுக்கு எதையும் கட் செய்து ஒட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாதி வழியில் கரண்ட் போகும், யாராவது பென் டிரைவைப் பிடுங்குவார்கள். காப்பி செய்யுங்கள், அங்கே போய் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள், அப்புறம் இங்கே அழியுங்கள். கழற்றும்போது 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

தவறான ஃபோல்டரில் கைதவறி விழுந்துவிட்டதா? வேறு எதையும் தொடாமல் கன்ட்ரோல் இசட். நகர்த்தியது திரும்ப வந்துவிடும், பெயர் மாற்றியதும் பழையபடி ஆகிவிடும்.

பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தேன், கடையில் திறக்கவில்லை. பென் டிரைவ் கெட்டுவிட்டதா?

ஃபைலின் அளவைப் பாருங்கள். 1 கேபி, 2 கேபி என்று இருந்தால் நீங்கள் கொண்டுவந்தது ஃபைல் அல்ல, ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்தின் இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி இருந்தால் அது அசல் ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டுகிற வழிகாட்டிப் பலகை மாதிரி. பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் ஊர் கூடவே வராது. பெரியவர் ஒருவர் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி இப்படி 2 கேபியோடு வந்து நின்றார். மகனுக்குப் போன் போட்டு, அவன் வீட்டில் ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' போய், அசல் ஃபைலை மெயிலில் அனுப்பிய பிறகுதான் பிரின்ட் எடுக்க முடிந்தது.

கல்யாண வீடியோ 6 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும் ஏறவில்லையே?

அந்த பென் டிரைவ் ஃபேட் 32 என்ற முறையில் இருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை எல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஏறும். ஃபார்மட் என்றால் எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். பழைய டிவி சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் உள்ள வாட்ஸ்அப் படங்களை எங்கே தேடுவது?

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போன் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சார்ஜ் மட்டும்தான் ஏறும். கேமராவில் எடுத்தவை டிசிஐஎம் ஃபோல்டருக்குள் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் இப்போது ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். ஒரே மூச்சில் 5,000 படத்தை இழுக்காதீர்கள், இடையில் நின்றுபோகும். ஐந்நூறு ஐந்நூறாக எடுங்கள்.

பெயர் எப்படி வைப்பது? நான் 'ஃபைனல்' என்றுதான் வைக்கிறேன்.

அப்புறம் 'நியூ ஃபைனல்', அதற்கப்புறம் 'ஃபைனல் ஒரிஜினல்'. மூன்று மாதம் கழித்து எது கடைசி என்று உங்களுக்கே தெரியாது. தேதியைப் பெயரின் முன்னால், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-06-14 வீட்டுவரி ரசீது. நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி நாளை முதலில் எழுதினால், பெயர் வாரியாக அடுக்கும்போது 01-12-2023 மேலேயும் 02-01-2022 அதற்குக் கீழேயும் வரும், வரிசை குலைந்துவிடும். சாய்கோடு போட்டு எழுதவும் முடியாது, விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி போன்றவற்றை ஏற்காது.

பெயரைப் பார்த்தாலே திறக்காமல் தெரிய வேண்டும். 'ஸ்கேன் 0043' என்று ஸ்கேனர் வைத்த பெயரை அப்படியே விடாதீர்கள். ஸ்கேன் ஆனவுடனேயே, தாள் இன்னும் கையில் இருக்கும்போதே, எஃப் 2 அழுத்திப் பெயரை மாற்றிவிடுங்கள். பெயர் வைக்க எடுக்கும் பத்து விநாடியைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள், அப்புறம் அரை மணி நேரம் தேடுகிறார்கள்.

எத்தனை ஃபோல்டர் வைக்கலாம்?

குறைவாக. வீட்டுக் கணினிக்கு என் யோசனை, முதலில் யாருடையது, அப்புறம் என்னது. அப்பா, அம்மா, பெரியவள், சின்னவன், வீடு என்று ஐந்து. பெரியவள் ஃபோல்டருக்குள் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் நல்ல பெயர்களோடு நேராகவே கிடக்கட்டும். 'வீடு' என்பதற்குள் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது. இரண்டு சொத்து இருந்தால் ஊர்ப் பெயரில் இரண்டு ஃபோல்டர். மூன்று படிக்கு மேல் உள்ளே இறங்க வேண்டி வந்தால் யாரும் அங்கே கொண்டுபோய் வைக்க மாட்டார்கள், டெஸ்க்டாப்பிலேயே போட்டுவிடுவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 260 குறிகளைத் தாண்டினால் எக்ஸ்ப்ளோரர் நகர்த்த மறுக்கும். தமிழில் இது சீக்கிரம் நிறைந்துவிடும், ஏனென்றால் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் கணினிக் கணக்கில் 5.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் தனியாக 'அப்லோட்' என்று ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறார்கள் என்று சுருக்கினால் சுருக்கியது இதற்குள் மட்டும் இருக்கட்டும். அசல் மேலேயே சேவ் செய்துவிட்டால், அடுத்த தடவை பெரிய அளவில் கேட்கும்போது கொடுக்க ஒன்றுமிருக்காது. சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது.

எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்தால் என்ன தப்பு?

டெஸ்க்டாப் என்பது சி டிரைவில்தான் இருக்கிறது. கணினி கெட்டால் நம் ஊரில் முதலில் நடப்பது சி டிரைவை ஃபார்மட் போடுவது. எங்கள் வீட்டுக் கணினியைச் சில வருடங்களுக்கு முன் ரிப்பேருக்குக் கொடுத்தபோது, "டி டிரைவைத் தொடலை சார், பத்திரமா இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். டி டிரைவ் பத்திரமாகத்தான் இருந்தது. என் அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. கொடுப்பதற்கு முன் நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை டி டிரைவுக்கு மாற்றி வைக்க வழி இருக்கிறது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். முன்கூட்டியே டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள், வெறும் டி டிரைவையே காட்டிவிட்டால் முழு டிரைவும் டெஸ்க்டாப்பாகிவிடும், சரிசெய்வது பெரும்பாடு.

ஆனால் டி டிரைவும் காப்பு அல்ல. பெரும்பாலான கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரண்டு பாகங்கள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். முக்கியமானவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், கூகுள் டிரைவ் மாதிரி இணையத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும். கூகுள் கணக்குக்கு இலவசமாக 15 ஜிபி, சான்றிதழ்களுக்கும் பத்திரங்களுக்கும் அது தாராளம்.

டெஸ்க்டாப் ஃபைல்கள் திடீரென்று ஒன்டிரைவுக்குள் போய்விட்டன. அங்கே அழிக்கலாமா?

அழிக்காதீர்கள். ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடம். அதன் பேக்கப் இயங்கத் தொடங்கியதும் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். இரண்டு இடத்தில் இருப்பதாக நினைத்து ஒன்றை அழித்தால் இருக்கிற ஒரே ஃபைல்தான் போகும், அதே கணக்கில் உள்ள மற்ற கருவிகளிலும் போகும். அழித்துவிட்டிருந்தால் ஒன்டிரைவ் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும், போய் மீட்டுக்கொள்ளுங்கள். மேகப் படம் போட்ட ஃபைல் இணையத்தில் மட்டும் இருக்கிறது, நெட் இல்லாத இடத்துக்குப் போகும் முன் அதை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிடுங்கள்.

அழித்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

ரீசைக்கிள் பின்னைத் திறந்து, ரைட் கிளிக், ரீஸ்டோர். முன்பு இருந்த அதே ஃபோல்டருக்கே போய்விடும். ஷிஃப்ட் டெலிட் கொடுத்ததும் பென் டிரைவில் அழித்ததும் அங்கே வராது. அப்படி ஆகிவிட்டால் உடனே அந்த டிரைவில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள். புதிதாக எழுத எழுதப் பழையது இருந்த இடம் மூடிக்கொண்டே போகும்; மீட்பு மென்பொருளைக்கூட அதே டிரைவில் நிறுவக் கூடாது.

'ஃபைல் இன் யூஸ்' என்று சொல்லி நகர்த்த விடமாட்டேன் என்கிறதே?

எங்கோ அது திறந்திருக்கிறது. வேர்டு, பிடிஎஃப் ரீடர், பிரவுசர் டேப் எல்லாம் மூடுங்கள். எக்ஸ்ப்ளோரரின் வலது பக்கம் முன்னோட்டம் காட்டும் பலகம் திறந்திருந்தால் அதுவும் பிடித்து வைத்திருக்கும். எதுவுமே சரிவரவில்லையா, ரீஸ்டார்ட்.

பத்து வருடக் குப்பை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் எல்லாவற்றையும் அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். அது முடியாமல் ஒன்றையும் தொடாதீர்கள். அப்புறம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடக்கிற மொத்தத்தையும் 'பழசு 2025' என்று ஒரே ஃபோல்டருக்குள் தள்ளிவிடுங்கள். உட்கார்ந்து பிரிக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலையில்லை அது. இன்றிலிருந்து வருவதை மட்டும் புது ஃபோல்டர்களில் நல்ல பெயரோடு வையுங்கள். பழசில் ஏதாவது தேவைப்பட்டால் தேடி எடுப்பீர்கள் இல்லையா, அப்போது அந்த ஒன்றை மட்டும் பெயர் மாற்றி, சேர வேண்டிய ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு வருடத்தில் உங்களுக்கு வேண்டியதெல்லாம் தானாகவே இந்தப் பக்கம் வந்திருக்கும். மிச்சத்தைப் பார்க்கும்போது படங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள், ரசீதும் சான்றிதழும் பெரும்பாலும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.